வில்லங்கச் சான்றில் வெள்ளம் இருக்காது

தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது 2015 டிசம்பர் 1 ராத்திரி. அதற்குப் பயந்து ஊத்தங்கரைப் பக்கம் போய்க் கட்டிய வீட்டுக்குள் தண்ணீர் வந்தது 2024 டிசம்பர் 1 ராத்திரி. நடுவில் ஒன்பது வருஷம், ஒரு நாள் பிசகில்லை. முதல் தடவை தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது, இரண்டாம் தடவை ஊத்தங்கரையில் 50 செ.மீ. என் ஜாதகத்தைப் பார்த்து மழை பெய்கிறது என்று மனைவி கேலி செய்வாள். ஆனால் நான் வெள்ளத்துக்குத் தப்பிப் போனதாக நினைத்த இடம்தான் தப்பு என்பதற்கு ஜாதகம் எல்லாம் தேவையில்லை. முன்கூட்டியே ஒரு வாரம் செலவு செய்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த ஒரு வாரத்தை வெள்ளத்துக்கு அப்புறம்தான் செலவு செய்தேன். என்ன செய்தேன், என்ன கிடைத்தது என்று எழுதி வைக்கிறேன்.

ஊத்தங்கரை கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. கடல் நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி. மாவட்டத்தின் ஒரு வருஷத்து மழையே சுமார் 850 மி.மீ. தான். மனைவியின் ஊர் என்பதால் எனக்கு முப்பது வருஷப் பழக்கம். அந்த முப்பது வருஷத்தில் நான் பார்த்தது தண்ணீர்ப் பஞ்சம் மட்டுமே. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்ததே, அந்த வருஷம் எங்கள் ஊர் ஏரியில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். சீமைக்கருவேல மரத்தை வெட்டி பிட்ச் போட்டிருந்தார்கள். அந்த ஏரியைப் பார்த்துவிட்டுத்தான் 2018-இல் அதற்குக் கீழே பன்னிரண்டு சென்ட் வாங்கினேன். "இங்க போர் போட்டா தண்ணி வருமா மாமா?" என்று மாமனாரிடம் கேட்டேன். என் மொத்த இடர் ஆய்வும் அந்த ஒரே கேள்விதான்.

பத்திரத்தை வக்கீலிடம் காட்டினேன். வில்லங்கம் முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தேன். பட்டா சுத்தம். வில்லங்கச் சான்றில் அடமானம் இருக்கும், விற்பனை இருக்கும், கோர்ட் தடை இருக்கும். வெள்ளம் இருக்காது.

கிரகப்பிரவேசத்துக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு ஆயா வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "கோடிக்கொல்லைல கட்டியிருக்கியே தம்பி, வாசப்படிய இன்னும் ரெண்டு தூக்கியிருக்கலாம்." கோடிக்கொல்லை என்பது யாரோ கோடீஸ்வரன் பெயரில் வந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நிஜமாகத்தான். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிகிற இடம்தான் கோடி. தெற்கே மறுகால் என்பார்கள், வேறு சில ஊர்களில் கலிங்கு. அந்த வழிகால் பாய்கிற கொல்லைதான் கோடிக்கொல்லை. இடத்தின் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், படிக்கத் தெரியாதவன் பத்திரம் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ராத்திரி நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. கடந்துவிட்டது என்று டிவியில் சொன்னதும் அணைத்துவிட்டுப் படுத்தோம். நாங்கள் செய்த முதல் தப்பு இதுதான். கரையைக் கடந்ததும் புயலின் காற்று அடங்கும், மழை அடங்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கமே மணிக்கணக்கில் நின்று, அப்புறம் வலுவிழந்து மெதுவாக மேற்கே நகர்ந்து வந்து எங்கள் தலையில் கொட்டியது. 2018-இல் கஜாவும் வேதாரண்யம் பக்கம் கரையேறிவிட்டு, உள்ளே ஆலங்குடித் தென்னந்தோப்புகளைச் சாய்த்துக்கொண்டு திண்டுக்கல் வரைக்கும் போனது. புயல் கடலோரக்காரர்கள் சமாச்சாரம் என்று உள்மாவட்டத்துக்காரன் நினைப்பது அர்த்தமில்லாதது.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க மழை. ராத்திரி இரண்டரை மணி இருக்கும், மாடு கத்தியது. டார்ச் அடித்தால் மாட்டுக்கொட்டாயில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். மனைவி இறங்கிக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். நனைந்த கயிறு, மாடு வேறு மிரண்டு இழுத்து இழுத்து முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. "என்னங்க, அருவா எடுங்க அருவா" என்று கத்துகிறாள். அரிவாள் எங்கே? பின்பக்கம் விறகு அடுக்கில், அதாவது தண்ணீருக்குள். கடைசியில் காய் நறுக்கும் கத்தியால் அறுத்து அறுத்து ஒரு மாட்டைக் காப்பாற்றினோம். கன்று போய்விட்டது. இப்போது கொட்டாயின் உத்தரத்தில், கை எட்டும் உயரத்தில், ஒரு அரிவாள் செருகியிருக்கிறது. மழைக்காலத்தில் ராத்திரி இழுத்தால் அவிழ்கிற சுருக்குப் போட்டுத்தான் கட்டுகிறோம்.

விடிந்து பார்த்தால் வீட்டுக்குள் இரண்டரை அடி. ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் பேட்டரி, பீரோவின் கீழ்த் தட்டில் இருந்த அத்தனை காகிதமும் போச்சு. ஊத்தங்கரையில் ரோட்டோரம் நின்ற வண்டிகளே அடித்துப் போனதை அன்றைக்கு எல்லோரும் செல்போனில் பார்த்திருப்பீர்கள். அதே நாள் அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி திறந்து தென்பெண்ணைக் கரையோரம் முழுக்க மூழ்கியது. அதற்கு முந்தின நாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் உருண்டு ஏழு பேர் இறந்தார்கள். கடல் எட்டிக்கூடப் பார்க்காத ஊர்கள் இவை.

சரி, ஆய்வுக்கு வருகிறேன்.

முதலில் அந்த மழைக் கணக்கை எனக்குப் புரிகிற மொழிக்கு மாற்றிக்கொண்டேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். ஒரு ஏக்கர் என்றால் ஏறத்தாழ நாலாயிரம் சதுர மீட்டர். அப்படியானால் 50 செ.மீ. மழையில் ஒரு ஏக்கரில் விழுவது இருபது லட்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி கணக்கில் ஏக்கருக்கு 170 லாரி. கோடையில் ஒரு லாரித் தண்ணீருக்கு நாங்கள் ஊரே சண்டை போடுவோம். எங்கள் ஏரிக்குத் தண்ணீர் வரும் பரப்பு பல நூறு ஏக்கர், அதற்கு மேலே இன்னொரு ஏரி. இத்தனை லாரியும் ஒரே ராத்திரியில் எந்த வழியாகப் போகும்? என்னுடைய கேள்வி அப்போதுதான் மாறியது. இதற்கு முன் இங்கே வெள்ளம் வந்திருக்கிறதா என்று கேட்பதை விட்டேன். வந்தால் எந்த வழியாகப் போகும் என்று கேட்க ஆரம்பித்தேன்.

ஏன் இப்படி மாற்ற வேண்டும்? மனுஷ ஞாபகம் சின்னது. இந்தத் தடவைக்கு முன்னால் எங்கள் ஏரி கோடி போய்ப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது என்றார்கள். பதினெட்டு வருஷத்தில் ஒரு தலைமுறை வளர்ந்து, மனை பிரித்து, வீடும் கட்டிவிடும். எங்களுக்கு வடக்கே வாணியம்பாடியில் 1903 நவம்பரில் பாலாற்று வெள்ளத்தில் இருநூறு பேர் அளவில் இறந்திருக்கிறார்கள். அதற்கு அங்கே நினைவுத்தூணே இருக்கிறது. பாலாறு என்றால் மணல் என்று நினைக்கிற நமக்கு அந்தத் தூண் தெரியாது. ஊரில் வறட்சி அடிக்கடி வருகிறது என்பதற்காக வெள்ளம் வராது என்று ஆகிவிடாது. வறட்சிதான் வெள்ளத்தின் பாதையை மறைக்கிறது. காய்ந்த ஓடையில்தானே குப்பை கொட்டுவோம், கொட்டாய் போடுவோம், மனை போடுவோம்?

கிராம வரைபடமும், ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லையும் அளவும் காட்டும் புலப்படமும் எடுத்தேன். எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் என்றால்தான் அலுவலகங்களில் புரியும். அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் சர்வே எண் கொடுத்தால் பட்டா, நிலம் என்ன வகை என்று சொல்லும் 'அ' பதிவேடு எல்லாம் கிடைக்கும். எல்லோரும் தங்கள் சர்வே எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள், நானும் அப்படித்தான் செய்திருந்தேன். இந்தத் தடவை என் எண்ணுக்கு நாலு பக்கமும் இருக்கிற எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது எண் 'ஓடை புறம்போக்கு' என்று வந்தது. அதற்கு அடுத்ததும் அப்படியே. கிராம வரைபடத்தில் அவற்றைப் பென்சிலால் தொட்டுக்கொண்டே போனால் ஏரிக் கோடியிலிருந்து என் மனையின் வேலியை உரசிக்கொண்டு தார் ரோடு வரைக்கும் ஒரு கோடு. நேரில் போய் நின்றால் அங்கே ஓடை கிடையாது. ஒருவர் வாழை போட்டிருக்கிறார், ஒருவர் வண்டி விடப் பாதை போட்டிருக்கிறார், கோழிப்பண்ணைக் கழிவு ஒரு மூலையில். காகிதத்தில் ஓடை, தரையில் வாழை. தண்ணீருக்குக் காகிதம்தான் ஞாபகம் இருந்தது. இஸ்ரோவின் புவன் தளத்திலும் கூகுள் எர்த்தின் பழைய படங்களிலும் பார்த்தால் அந்த ஓடைத் தடம் சற்றுப் பச்சையாக, வளைந்து வளைந்து தெரிகிறது. செலவில்லாமல் வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

அடுத்தது உயரம். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. சர்வே கருவி எல்லாம் எதுவும் இல்லை. வீடு கட்டிய மேஸ்திரியையே கூப்பிட்டேன். வெள்ளை டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடிப்பார்களே, அதுதான். அறுபதடி டியூப். குமிழி இல்லாமல் நிரப்புவதற்கே அரை மணி ஆனது. ஒரு குமிழி இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும். ஏரிக் கோடியின் கல் மேல் ஒரு முனையை மேஸ்திரி பிடிக்க, இன்னொரு முனையை நான் பிடிக்க, குச்சி நட்டு, குறித்து, மறுபடி அங்கிருந்து அடுத்த குச்சி. முந்நூறு மீட்டருக்குப் பதினேழு தடவை மாற்றினோம். என் வாசப்படி கோடிக் கல்லைவிட ஐந்தேகால் அடி தாழ்வு. ஏரிக்குக் கீழே இருந்தால் தாழ்வாகத்தான் இருக்கும், இதில் ஆச்சரியம் இல்லை. அங்கிருந்து விடாமல் ரோடு வரைக்கும் போகலாம் என்று மேஸ்திரிதான் சொன்னார். "ரோட்ட பாருங்க சார், வருஷா வருஷம் ஒசந்துக்கிட்டே போவுது."

ரோடு என் வாசப்படியைவிட இரண்டடி உயரம்.

ஓடையைக் கடக்கிற இடத்தில் மேடு கட்டிப் போட்ட ரோடு அது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு ஏறியிருக்கிறது. அடியில் தண்ணீர் போக ஒரு சிமெண்ட் குழாய், இரண்டடி விட்டம், அதிலும் பாதி மண். கோடியின் அகலம் முப்பதடி. முப்பதடியில் வருகிற தண்ணீர் இரண்டடிக் குழாயில் எப்படிப் போகும்? போகாது. தேங்கி, ரோட்டின் உயரம் வரைக்கும் ஏறி, அப்புறம் ரோட்டின் மேலே ஓடும். ரோட்டுக்கு இரண்டடி, ரோட்டின் மேல் ஓடியது அரையடி, ஆகமொத்தம் என் வீட்டுச் சுவரில் இருந்த சேற்றுக் கோடு இரண்டரை அடி. கணக்கு அப்படியே உட்கார்ந்தது. மேஸ்திரி டியூபைச் சுருட்டிக்கொண்டே சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏரி என்னை மூழ்கடித்தது என்று இரண்டு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தேன். வேலையைச் செய்தது ரோடு.

கிராமப்புறத்தில் இடம் வாங்குகிறவர்களுக்கு நான் இப்போது சொல்வது இதைத்தான். வாசப்படியின் உயரத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள். உங்களுக்குக் கீழே, தண்ணீர் போகிற பக்கம், எது குறுக்கே நிற்கிறது என்று பாருங்கள். ரோடு, ரயில் தண்டவாளம், லேஅவுட் காம்பவுண்டு, எதுவாக இருந்தாலும் சரி. அதன் தலையிலிருந்து அளந்து அதற்கு மேல் வாசப்படியை வையுங்கள். தாம்பரத்துப் பக்கமும் இதே கதைதான், அங்கே டியூப் பிடிக்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

மற்ற ஆபத்துகளையும் ஒரு நோட்டில் எழுதினேன். எவ்வளவு அடிக்கடி வரும், வந்தால் எவ்வளவு போகும் என்று இரண்டே பத்தி. எழுதினபோதுதான் தெரிந்தது, ஊரில் ஆளைக் கொன்றது வெள்ளம் இல்லை, இடி. நாட்டில் வருஷத்துக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் மின்னலில் சாகிறார்கள். கொல்லையில் மழை வந்தால் புளியமரத்தடிக்கு ஓடுகிற பழக்கம் நம்மை விடுவதில்லை. மின்னல் தெரிந்து இடி கேட்க முப்பது விநாடிக்குள் என்றால் உடனே சுவரும் கூரையும் உள்ள கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் வெளியே வரக்கூடாது. தாமினி என்ற செயலி பக்கத்தில் விழுகிற மின்னலைக் காட்டுகிறது, ஆடு மேய்க்கிறவர்களின் பிள்ளைகள் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். சித்திரை, வைகாசியில் வரும் சூறைக்காற்று மாங்காயையும் வாழையையும் கொண்டுபோகும், ஆளுக்கு ஆபத்து குறைவு, ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் போல்ட்டை வருஷம் ஒரு தடவை முறுக்கிப் பார்க்க வேண்டும். நிலநடுக்கம் எங்கள் பக்கம் பெரிதாகக் கவலைப்படும் விஷயம் இல்லை. வறட்சி நிச்சயம் வரும், அதற்கு ஊரே பழகியிருக்கிறது. வெள்ளத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போகிறது. அதனால் வீட்டைச் சுற்றியுள்ள நாலு கிணறுகளுக்கும் பக்கத்தில் உயரமான கம்பு நட்டோம்.

பணத்தில் ஒன்றிரண்டு. வீட்டுக்கு பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான காப்பீடு 2021 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. வெள்ளம், புயல், மின்னல், நிலச்சரிவு எல்லாம் அதில் அடக்கம். பட்டிக்காட்டு வீட்டுக்கு இன்ஷூரன்ஸா என்று சிரித்த ஆள்தான் நான், இப்போது போட்டிருக்கிறேன். மாடு, கன்று செத்தால் புதைக்கிற அவசரத்தில் இருக்காதீர்கள். கால்நடை மருத்துவரை வரவழைத்துச் சான்று வாங்காவிட்டால் நிவாரணம் கிடைக்காது. நாங்கள் நாற்றம் தாங்காமல் கன்றைப் புதைத்துவிட்டோம், அதோடு சரி. மூழ்கிய பைக்கை ஸ்டார்ட் செய்து பார்க்கவும் கூடாது, தண்ணீர் புகுந்த இன்ஜின் அங்கேயே போய்விடும். 1077 மாவட்டப் பேரிடர் எண், அதைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். சுவரில் என்றால் மூன்றடிக்கு மேலே.

வீட்டைத் தூக்க முடியாது. மேலே ஒரு அறை போட்டோம். பத்திரம், மாத்திரை, அரிசி எல்லாம் ஐப்பசி பிறந்ததும் மாடியேறும். மீட்டர் பெட்டியையும் ப்ளக் பாயிண்டையும் நாலடிக்குத் தூக்கிவிட்டேன். ரோட்டுக்குக் கீழே பெரிய பாலம் கேட்டு மட்டக் கணக்கோடு மனு கொடுத்திருக்கிறோம். குழாயில் இருந்த மண்ணை மட்டும் இரண்டு மாதத்தில் வந்து அள்ளினார்கள், அதற்கும் ஒரு நன்றி. மழை பிடித்தால் சாயங்காலம் ஆயாவின் பேரன் ஏரிக் கோடிக்குப் போய்க் கல்லுக்கு எவ்வளவு கீழே தண்ணீர் நிற்கிறது என்று போனில் சொல்வான். அரை அடிக்குள் வந்துவிட்டால் அன்றைக்கு ராத்திரி யாரும் கீழே படுப்பதில்லை.

தண்ணீர் நின்ற மட்டத்தைத் தெருவில் இருக்கிற கரண்டு கம்பத்தில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டுக் காட்டியிருந்தோம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அந்தக் கோட்டின் மேலேயே போஸ்டர், 'ஏரி வியூ மனைகள் விற்பனைக்கு' என்று. பக்கத்து வாழைத்தோட்டத்தைப் பிரித்துவிட்டார்களாம். ஆயாவின் பேரனும் நானும் போஸ்டரைக் கிழித்து, கோட்டை இன்னொரு தடவை தீட்டினோம். இந்தத் தடவை தேதியும் சேர்த்து எழுதியிருக்கிறோம்.